ஸ்வீட் ஸ்டாலில் வாங்கிய பிரசாதம்

போன வியாழக்கிழமை சாயங்காலம். வாசலில் ஒரு பெண் நின்றாள். புது மொட்டை. தலையில் சந்தனம். கையில் மஞ்சள் பை.

"அண்ணா, தெரியலையா? நான் வள்ளிண்ணா!"

தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த பஸ் கண்டக்டரின் மனைவி. இப்போது கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார்கள். பையிலிருந்து ஒரு திருப்பதி லட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எனக்கும் கட்டிண்ணா. ஆறு மாசமா இருக்குது. அக்காவுக்கு வேண்டிக்கிட்டுத்தானே கரைஞ்சுது? நீங்கதானே சொன்னீங்க! அதான், கரையறதுக்கு முன்னாடியே முடி குடுத்துட்டு வந்துட்டேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"எதுக்குண்ணா? அக்கா காட்டினாங்களா என்ன?"

காட்டினாள். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊரார் அசட்டுத்தனங்களை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கிறேன் அல்லவா? இந்த வாரம் என் முறை. சிரிப்பு வராது, மன்னியுங்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தெருவுக்கு முதல் டி.வி. வந்த சமயம், என் மனைவி சரோஜாவுக்கு மார்பில் கட்டி. கேன்சர். வேலூரில் ஆபரேஷன் ஆயிற்று. பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஆறு தடவை ஊசி மருந்து ஏத்தணும். ஏத்தினா திரும்ப வர்றது கம்மி. ஆனா கஷ்டமா இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பிழைப்பாளா என்று அல்ல.

"முடி கொட்டுமா டாக்டர்?"

கொட்டும் என்றார். சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏன் அப்படிக் கேட்டேன்? பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குக் கேன்சர் என்றால் எவன் வருவான்? தவிர... ஆபீஸிலும் தெருவிலும் 'ஐயோ பாவம்' என்று பார்ப்பார்களே, அதை நினைத்தாலே உடம்பு கூசியது. வியாதி அவளுக்கு — கூச்சம் எனக்கு!

பத்து நாள் இழுத்தேன். நாட்டு மருந்து பார்க்கலாமா என்றேன். வரன் அமையட்டுமே என்றேன். கடைசியில் அவளே முடிவு பண்ணினாள். "நான் போட்டுக்கறேங்க. பொண்ணு கல்யாணத்த நான் பாக்க வேணாமா?"

ஊசி போட்டுக்கொண்டு வேலூரிலிருந்து பஸ்ஸில் வருவோம். போளூர் வருவதற்குள் குமட்டல் ஆரம்பித்துவிடும். அடுத்த மூன்று நாள் குடித்த தண்ணீர்கூடத் தங்காது. கடுகு தாளிக்கும் வாசனை பட்டாலே எழுந்து ஓடுவாள். வாயெல்லாம் புண், ஆறிய கஞ்சி நாலு வாய் இறங்கினால் பெரிய விஷயம். அவள் கொல்லையில் குனிந்து வாந்தி எடுக்கும்போது நான் என்ன செய்தேன்? தலையைப் பிடித்துக்கொண்டேனா? ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே!

இரண்டாவது ஊசிக்கு முன்பே தலையணையெல்லாம் முடி. மிச்சத்தை வீட்டிலேயே மழித்தோம். திருப்பதியில் முடி காணிக்கை என்று தெருவில் சொன்னேன். அண்ணாமலையாரை வாசலில் வைத்துக்கொண்டு திருப்பதி ஏன்? உள்ளூர்க் கோயில் என்றால் 'நாங்க பாக்கலையே' என்று யாராவது கேட்பார்களே! கெட்டிக்காரன் நான்.

மறுநாளே வள்ளி வந்தாள். "லட்டு எங்கண்ணா?"

அடடா! திருப்பதி போனவன் லட்டு இல்லாமலா வருவான்? பஜாரில் ஒரு ஸ்வீட் ஸ்டாலில் ஒரு கிலோ லட்டு வாங்கினேன். உதிர்த்துப் பொட்டலம் கட்டி, வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்கள். என்ன வேண்டுதல் என்று வள்ளி கேட்டாள். "ஒரு கட்டி இருந்துச்சும்மா. வேண்டிக்கிட்டோம், கரைஞ்சிடுச்சு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, அத்தனை சுலபமாக வந்தது.

ஒரு மாதம் கழித்து வள்ளிதான் சரோஜாவிடம் வெள்ளையாகக் கேட்டாள். "ஏங்க்கா, சாமிக்குப் புருவத்தையுமா குடுத்தீங்க?"

அன்றிலிருந்து சரோஜா கண்மையால் புருவம் வரைந்துகொள்ள ஆரம்பித்தாள். என் மானத்தைக் காப்பாற்ற.

ஆறு ஊசியும் முடிந்தது. முடி வளர்ந்தது. பெண் கல்யாணத்தை நின்று நடத்தினாள். இன்றுவரை நன்றாக இருக்கிறாள். என் பொய்யும் நன்றாகத்தான் இருந்தது... போன வியாழன் வரை.

வள்ளி பேசியதையெல்லாம் சரோஜா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வந்தாள்.

"கரைஞ்சிடுச்சுன்னா சொன்னீங்க?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வள்ளியை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். ஆபரேஷன் தழும்பைக் காட்டியிருக்க வேண்டும். அப்புறம் வள்ளியின் அழுகை, தெருவுக்கே கேட்கும்படி. ரேடியோ என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை.

வெளியே வந்த வள்ளி என்னைத் திட்டவில்லை. "சொல்லியிருந்தா கட்டி தெரிஞ்ச அன்னிக்கே வேலூர் போயிருப்பேனேண்ணா" என்றாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இருவரும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன்.

"வேணாம்" என்றாள் சரோஜா. "உங்களுக்கு இங்க வேலை இருக்குது. அன்னிக்கு லட்டு குடுத்தீங்க இல்ல, வீடு வீடா? அதே மாதிரி வீடு வீடா போய் நிஜத்தைச் சொல்லிட்டு வாங்க."

வள்ளிக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அவள் கொடுத்த லட்டு அலமாரியில் அப்படியே இருக்கிறது. எடுத்து வாயில் போட எனக்குத் தைரியமில்லை.

தெருவில் பதினொரு வீட்டிலும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டாவது, உங்கள் வீடு.