ஒரு விரற்கடை குறைந்த கயிறு

“…முடிச்சு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது, அதுதான் எனக்குப் பயமா இருக்குது” என்று அந்தம்மா சொன்னார்.

கன்னிவாடிக்கு மேலே, மலை இறங்கி வந்து சமவெளியைத் தொடுகிற இடத்தில் ஒரு மொட்டைச் சரிவு. மாசி மாதம், காலை பதினோரு மணி இருக்கும். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். முடிச்சைப் போட்டவன் நான்தான். அதுவரைக்கும் நான் போட்ட முடிச்சுகள் லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒன்றைப் பார்த்துக்கூட யாரும் பயந்ததில்லை. அதனால் அந்தச் சரிவுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் சின்னாளப்பட்டியில் தறி நெய்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் நாலு பேர் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டது. யாராவது ஒரு வார்த்தை நயமாகச் சொல்லிவிட்டால் போதும், பத்து வருஷம் ஆனாலும் மறக்காது. “ஊருல உள்ளவுக பேச்சு அம்புட்டும் உங்க மண்டையிலதான் குடியிருக்கு, நான் வெஞ்சனத்துக்குக் காய் வாங்கச் சொன்னது மட்டும் நிக்காது” என்பாள் என் வீட்டுக்காரி.

சரிவில் நின்றதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் மூன்று மணி வாக்கில் தெருவில் ஒரே கூச்சல். வெளியே வந்து பார்த்தால் வானத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு நீளத் துணி, வெள்ளரிக்காயைக் கீறி வைத்த மாதிரி வளைந்து, சத்தமே இல்லாமல் வருகிறது. அதற்குக் கீழே கயிறுகள். கயிறுகளுக்குக் கீழே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒரு ஆள். “எலெக்‌ஷன் வந்துருச்சாப்பா, நோட்டீஸ் போட வாராய்ங்க” என்றார் ஒருத்தர். இன்னொருத்தர், “நம்ம ஊருக்கு எந்தக் கட்சிக்காரன்டா ஆகாசத்துல வரப்போறான், ரோட்டுலயே வர மாட்டேங்கிறான்” என்றார்.

ஊருக்கு வெளியே தரிசு நிலம் ஒன்று உண்டு. அதில்தான் இறங்கியது. கால் தரையில் படுகிற நேரத்தில் குறுக்கே ஒரு காற்று அடித்து, துணியின் ஒரு பாதி வேலிக்கருவேலம் புதரின் மேல் போய் விழுந்துவிட்டது. நாங்கள் ஓடிப் போனோம். தலைக்கவசத்தைக் கழற்றினால் ஒரு பெண், முப்பத்தைந்து வயது சொல்லலாம். காலில் முள் ஏறி, ஷூவின் அடியைத் துளைத்து உள்ளேயே ஒடிந்திருந்தது. அந்த வலியிலும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ஆரும் துணியை இழுக்காதீங்க” என்பதுதான்.

அந்தம்மா கோயம்புத்தூர்க்காரர். பம்ப்செட் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. லீவு கிடைத்தால் பாராகிளைடரை எடுத்துக்கொண்டு மலை தேடிப் போய்விடுவாராம். அன்றைக்குக் கன்னிவாடி மலையிலிருந்து கிளம்பி, எஞ்சின் இல்லாமல் வெறும் காற்றை வைத்தே இம்புட்டுத் தூரம் வந்திருக்கிறார். “எங்கூருப் பஸ்ஸே அங்கிருந்து வர ரெண்டு இடத்துல மாத்தணும் தாயி” என்றேன். சிரித்துவிட்டார்.

அவரை ஒரு பக்கம் உட்கார வைத்துப் பெண்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் ஆடு மேய்க்கிற ஒருத்தரும் புதருக்குப் போனோம். மனுசன் உதவி செய்கிற வேகத்தில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அரிவாளை வீசி ஒரு கிளையை வெட்டினார். கிளையோடு ஒரு கயிறும் போய்விட்டது. இரண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். “அப்பு, சொல்லிராதய்யா. பெரிய எடத்துப் பொம்பளையாட்டம் இருக்கு, கேசுகீசுன்னு போயிராம” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை அனுப்பிவிட்டு, மீதியை நானே ஒவ்வொரு முள்ளாக விலக்கி எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, “உங்க கைக்கு ஒரு பொறுமை இருக்குதுங்கண்ணா” என்றார். “இது சாதாரண ரெக்கை இல்லைங்க. பழகறவங்க வச்சிருக்கறது வண்டி மாடு மாதிரி, நாம தப்புப் பண்ணுனாலும் அது பாட்டுக்குப் போகும். இது ரேக்ளாவுக்குப் பழக்குன காளை. நல்லா ஓடும். ஆனா காதுல ஈ உக்காந்தாக்கூட ஒரு பக்கமா இழுக்கும்.”

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவரை டிவிஎஸ் வண்டியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அந்தப் பெரிய மூட்டையை அந்த வண்டியில் வைக்க முடியாது. “உங்க வீட்டுல இருக்கட்டுமுங்க. வெயில் படாம, தண்ணி படாம, எலி வராத இடமா வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க” என்றார். வண்டி கிளம்பிய பிறகும் திரும்பி, “ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க” என்றார்.

நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மறுநாள் காலை, முள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார்ப்போம் என்று தறிக்கூடத்தில் மூட்டையைப் பிரித்தேன். மேலே துணிக்குப் பக்கத்தில் கயிறுகள் கிளை கிளையாகப் பிரிந்து மெலிந்து போகின்றன. அதில் ஒன்றுதான் அறுந்திருந்தது. கொசுவலை நூலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். இதையெல்லாம் நம்பியா ஒரு மனுசி ஆகாசத்தில் தொங்குகிறார் என்று இருந்தது.

அறுந்த இழையைப் பார்த்துவிட்டு ஒரு நெசவாளியின் கை சும்மா இருக்காது. அதுவும் நம் ஊருக்கு வந்தவர் பொருள் நம் ஊரில் வைத்துக் கெட்டது என்றால் நமக்குத்தானே கேவலம்? ஆடு மேய்க்கிறவருக்கும் வம்பு வராது. “அதான் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாகல்ல?” என்றாள் வீட்டுக்காரி. “நீ போ, இது தொழில்காரன் வேலை” என்றேன்.

வழுவழுப்பான நூல். இரண்டு முடிச்சு நழுவியது. மூன்றாவது நின்றது. தறியில் நாங்கள் போடும் முடிச்சு, இழைகள் நுழைந்து போகிற அச்சுப்பல்லில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பக்குவத்தில் போட்டு, நுனியை ஒட்ட நறுக்கி, விரலால் உருட்டிவிட்டேன். இருபது கிலோ அரிசிச் சிப்பத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். தாங்கியது. முடிச்சுக்குள் போன நூல் ஒரு விரற்கடை இருக்கும். அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அந்தம்மா லேசாக நொண்டிக்கொண்டே வந்தார். கூட ஒரு பெங்களூர்க்காரர், அவரும் பறக்கிறவர், ஜீப்போடு வந்திருந்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அந்தம்மாவோ தறிக்கூடத்து நிழலிலேயே துணியை விரித்து, முழம் முழமாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முள் குத்திய ஒரு துளை அகப்பட்டது. தபால்தலையில் பாதி அளவுக்கு ஒரு ஒட்டுத்துணி எடுத்து ஒட்டினார். தையலை நகத்தால் நெருடினார். உட்காருகிற பட்டைகளின் கொக்கிகளைத் திறந்து மூடினார். ஆபத்துக்கென்று வைத்திருக்கும் பாராசூட் குடையின் கைப்பிடி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். சம்பந்தி வீட்டார் நகையைப் பார்ப்பதுபோல அம்புட்டுக் கவனம். என் முடிச்சையும் கடந்து போனார். கண்ணில் படவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை.

“அண்ணா, இன்னைக்கு எனக்கு லீவு கடைசி நாள். நத்தம் வரைக்கும் போயிரலாம்னு இருக்கேன். வந்து பாக்கறீங்களா?” என்றார். தறியை அப்படியே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறினேன். மூட்டையைச் சரிவில் நான்தான் சுமந்தேன்.

மேலே நல்ல காற்று. பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போட்டு ஏறின. “அதுக ஏறுதுன்னா நாமளும் ஏறலாமுங்க” என்றார். துணியைப் புல்லில் பிறை மாதிரி பரப்பி, பட்டைகளை மாட்டிக்கொண்டு, துணியைப் பார்த்தபடி நின்று கயிறுகளை இழுத்தார். அம்மாடி, அது எழுந்து நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். படுத்திருந்தது முழுக்கக் காற்றைக் குடித்துத் தலைக்கு மேல் விம்மியது. அப்படியே ஓடிப்போய்ப் பறந்துவிடுவார் என்று பார்த்தால், ஓடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துணியைக் கீழே இறக்கிவிட்டார்.

“இடது பக்கம் ஒரு சுருக்கம் தெரியுதுங்க” என்றார்.

கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிக்கல் இல்லை. மறுபடி தூக்கினார். மறுபடி இறக்கினார். பெங்களூர்க்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “சின்னச் சுருக்கம் மேடம். மேலே போனா சரியாயிடும்” என்றார்.

“மேல போயிச் சரியாகலைன்னா, நான் எறங்கி வந்து உங்ககிட்டச் சொல்லோணுமாக்கும்?”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் துணியைத் தூக்கி, நாலு எட்டு ஓடிக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பருந்துகளோடு பருந்தாகச் சின்னப் புள்ளி ஆகிவிட்டார். அந்தம்மா அண்ணாந்து அவரை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் எம்புட்டு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு குனிந்து, முதல் கயிற்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

மூன்றாவது தடவை தூக்கும்போது நானும் அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். அந்தச் சுருக்கம் எனக்குத் தெரிந்த சுருக்கம். தறியில் ஒரு இழை மற்றதைவிட இறுகிவிட்டால், சேலையில் அந்த இடத்தில் இப்படித்தான் சுண்டி நிற்கும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். எந்த இழை இறுகியிருக்கிறது என்று நான் தேட வேண்டியதில்லை. தறியில் என்றால் சேலை போகும். இங்கே அந்த இழைக்குக் கீழே தொங்கப்போவது ஒரு உயிர்.

உடனே சொன்னேனா என்றால், இல்லை. ‘இன்னும் செத்த நேரத்தில் அவரே கண்டுபிடித்துவிடுவார், எலி கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்’ என்று ஒரு நினைப்பு ஓடியது. ‘கண்டுபிடிக்காமல் பறந்துவிட்டால்?’ என்று இன்னொன்று ஓடியது. அப்போது அந்தம்மா தலைக்கு மேல் நின்ற துணியைப் பார்த்து மெதுவாக, “நீ என்னமோ சொல்ற, எனக்குத்தான் கேக்க மாட்டேங்குது” என்றார். பெற்ற பிள்ளையிடம் பேசுகிற குரல். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

“தாயி, அதைக் கீழ இறக்குங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அரிவாள் பட்டதை மட்டும் யார் என்று சொல்லாமல் சொன்னேன். அவரும் கேட்கவில்லை. முடிச்சு எது என்று காட்டினேன். புல்லில் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் இரண்டு மூன்று தடவை தடவிப் பார்த்தார். அப்போதுதான் முதலில் சொன்னேனே, அந்த வார்த்தையைச் சொன்னார். “மோசமான முடிச்சா இருந்தா காலையிலயே கண்ணுல பட்டிருக்குமுங்க” என்று சேர்த்துக்கொண்டார்.

“இதோட பறந்திருந்தா என்ன ஆகும் தாயி?”

“ஒண்ணும் ஆகாமயும் போயிருக்கலாம். காத்து சும்மா இருக்கற வரைக்கும் தெரியாதுங்க. மலை ஓரத்துல காத்து முரண்டு புடிச்சா, இந்தப் பக்கம் மடங்கியிருக்கும். மடங்குனது திரும்ப விரியாமக் கயித்துக்குள்ளயே மாட்டிக்கலாம். அப்பறம் என்னங்க…” என்று நிறுத்திக்கொண்டார். பிறகு, “தப்பு எம்மேலயும் இருக்குதுங்க. மரத்துல விழுந்துட்டா எல்லாக் கயித்தையும் அளந்து பாக்காமப் பறக்கப்படாது. எனக்கே தெரியும். லீவு முடியுதேன்னு கண்ணால பாத்ததோட விட்டுட்டேன்” என்றார்.

இதைத் திட்டாமல் சொன்னாரே, அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் நானும் நாலு சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

அந்தம்மா இடுப்பில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. “என்ன மேடம், வரலையா? மேலே சூப்பரா இருக்கு” என்றார் பெங்களூர்க்காரர். “இன்னைக்கு இல்லைங்க. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றினார். பட்டைகளை அவிழ்த்தார். அந்த லீவில் மிச்சம் இருந்த ஒரே நாள் அது. இரண்டு வார்த்தையில் அதை விட்டுக்கொடுத்தார். வானத்தை அவர் மறுபடி நிமிர்ந்து பார்க்கவில்லை.

பறப்பது தைரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆசைப்பட்ட நாளில், ஆசைப்பட்ட காற்றில், ஒரு விரற்கடைக்காகப் பறக்காமல் இருப்பதற்கு எம்புட்டுத் தைரியம் வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் தறியில் என் கைத்தவறு ஒன்று நடந்து, சொல்வோமா மறைப்போமா என்று மனம் ஊசலாடினால், அந்தச் சரிவில் நான் வாய் திறக்காமல் நின்ற அந்தச் சில நிமிஷம்தான் முன்னால் வந்து நிற்கிறது. உடனே சொல்லிவிடுகிறேன்.

“வேற எதையாச்சும் தொட்டீங்களாண்ணா?” என்று அன்றைக்கு அந்தம்மா கேட்டார்.

“சத்தியமா இல்ல தாயி. அது ஒண்ணுதான்.”

“நம்பறேனுங்க. இருந்தாலும் அத்தனையும் அளந்துரோணும். ஒரே சீரா இழுத்துப் புடிக்கிற கை ஒண்ணு வேணும்” என்றார். துணியை ஒரு பாறை நிழலுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, அதன் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார்.