செருப்புகள் நின்ற வரிசை

போன மாதம் அந்தமானில், ஹேவ்லாக் ஜெட்டியில் ஒரு ஜோடி செருப்புக்குப் பின்னால் கால்மணி நேரம் வரிசையில் நின்றேன். வரிசை என்று அங்கே ஒன்று இல்லவே இல்லை. டிக்கெட் என் போனில் இருந்தது. செருப்புக்காரர் கடலில் கால் நனைத்துவிட்டு வந்து, அதை மாட்டிக்கொண்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். என்ன செய்ய, பழைய உத்தியோகம் ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டது.

அந்த உத்தியோகம் லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பே துறைமுகத்தில். கப்பல் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. இருபத்தாறு வயது, கையில் ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஊதா மையின் வாசனை பட்டாலே என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும். கடல் கொந்தளித்தால் போர்ட் பிளேர் கப்பல் நாள்கணக்கில் வராது. அதுவரை மனிதர்கள் நிற்க முடியுமா? செருப்பு, சாக்கு, மண்ணெண்ணெய் டின், ஒருமுறை காலைக் கட்டிப்போட்ட சேவல்கூட, அவரவர் சார்பில் கவுண்டர் முன்னால் வரிசையில் இருக்கும். ஒருவர் பொருளை இன்னொருவர் தொடமாட்டார்.

நான் தொட்டேன். ஐந்து நாள் காத்திருந்த பிறகு, கப்பல் வருகிறது என்று தகவல் வந்த காலையில், "ஆள்தான் கணக்கு, செருப்பு இல்ல!" என்று அத்தனையையும் காலால் எத்தித் தள்ளினேன். அரசாங்கமே எத்துவதாக எனக்கு நினைப்பு. அடுத்த நிமிடம் தோள் பெருத்தவர்களெல்லாம் என் ஜன்னலில் தொங்கினார்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், நிறைமாத மனைவியைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, கூட்டத்துக்கு வெளியே நின்று கதறினார்: "சாப், மேரா போரா தீஸ்ரா தா!" அவர் சாக்கு மூன்றாவதாக இருந்ததாம். பிரசவத்துக்கு போர்ட் பிளேர் போயே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கப்பலிலோ இடம் கொஞ்சம். யார் முதலில் என்று கேட்டேன், எல்லோருமே முதலில். மேஜையைத் தட்டினேன். ஸ்டாம்பைத் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை.

எதிர்க் கடையிலிருந்து காதர் பாய் வந்தார். டீ போடுகிறவர், ராமநாதபுரத்துக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஒல்லி. கீழே கிடந்த ஒரு செருப்பை எடுத்து உயர்த்திப் பிடித்தார். ஜன்னலில் தொங்கிய மீசைக்காரர் ஒருவர் இறங்கிவந்து, அதை வாங்கி, பத்துப் பதினைந்து அடி பின்னால் கொண்டுபோய் வைத்தார். அடுத்து ஒரு டின். அடுத்து இன்னொரு செருப்பு. முன்னால் முண்டியவர்களே முணுமுணுக்காமல் பின்னால் போனார்கள். மூன்றாவது இடத்தில் சாக்கு வந்து உட்கார்ந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அந்தப் பெண்ணின் டிக்கெட்டில் ஸ்டாம்பைத் தலைகீழாகக் குத்தினேன்.

இப்போது அந்த ஜன்னலில் பலகை அடித்துவிட்டார்கள். செருப்பு காலோடு, சேவல் வீட்டோடு. யார் முன்னே யார் பின்னே என்று எங்கோ ஒரு மெஷின் முடிவு செய்கிறது. காதர் பாயும் கடையைக் கொடுத்துவிட்டு மெயின்லேண்ட் போய்விட்டார்.

அன்று கப்பல் கிளம்பியதும் அவரிடம் போனேன். "எப்படி பாய் அத்தனை எடத்தையும் ஞாபகம் வச்சிருந்தீங்க?"

"ஞாபகமா? அடுப்படியில நிக்கிறவனுக்கு வரிசை எங்க சார் தெரியும்? சும்மா தூக்கிக் காட்டுனேன். அவனவன் எடத்துல அவனவனே வச்சான்."

"அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் பொய் சொன்னானுங்க?"

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"ஸ்டாம்பு வச்சிருக்கிற உங்கள ஏமாத்துனா நாலு பேர்ட்ட சொல்லிச் சிரிக்கலாம், சார். என்னைய ஏமாத்துனா யார்ட்ட சொல்லுவான்?"