தனக்கோடியும் தொலைபேசிக் குழியில் கிடைத்த சிலந்தியும்

தனக்கோடி இறந்துபோன செய்தியை அவளுடைய தம்பி மகன்தான் போனில் சொன்னான். "அத்தை போயிட்டாங்க பெரியம்மா" என்றான். அழுதான். பிறகு தயங்கித் தயங்கி, "இரங்கல் கூட்டத்துல நீங்க பேசணும். ஆனா அந்தப் பூச்சி விஷயத்த மட்டும் விட்டுடுங்க, ஒரு மாதிரி இருக்கும்" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விடப்போவதில்லை. அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களோடு வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பூச்சியை விட்டுவிட்டுத் தனக்கோடியைப் பற்றிப் பேச முடியாது.

எழுபதுகளின் பிற்பகுதி. ஜெயங்கொண்டம் சாலையோரம் கேபிள் போடக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். டியூட்டி முடித்து நானும் அவளும் அந்த வழியாக வந்தோம். குழிக்குள்ளிருந்து ஒரே கூச்சல். கடப்பாரை பெயர்த்த செம்மண் கட்டியில், பட்டு நூல் வேய்ந்த ஒரு வளை பிளந்து கிடந்தது. அதன் வாயில் உள்ளங்கை அகலத்தில் மயிர் அடர்ந்த சிலந்தி ஒன்று முன்கால்களைத் தூக்கி நின்றது. இப்போது டராண்டுலா என்கிறார்களே, அதுதான். ஒருவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "ஓங்காதீங்கண்ணே! அது வூட்ட நாமதான இடிச்சோம்" என்று கத்தியபடி தனக்கோடி குழிக்குள் இறங்கினாள். டிபன் பாக்ஸைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகி, மேலே ஏறி வந்தாள். நான் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரில் யாருமில்லை. முதலில் ஊறுகாய் ஜாடியில் மண் போட்டு அதில் விட்டு, ஈரப் பஞ்சு வைத்தாள். பஞ்சில் பூஞ்சை பிடித்தது. சிலந்தி மண்ணில் கால் வைக்காமல் ஜாடியின் கழுத்தையே பிடித்துத் தொங்கியது, இரை தொடவில்லை. "நனச்சுக் கொல்றேன் போல இருக்குக்கா" என்றாள். மறுநாளே தச்சரிடம் போய், முன்பக்கம் கண்ணாடியும் பக்கவாட்டில் காற்றுக்குக் கம்பி வலையும் வைத்து ஒரு பெட்டி செய்யச் சொன்னாள். அது கிடைத்த இடத்து மண்ணையே கொண்டுவந்து முக்கால் பெட்டிக்கு நிரப்பினாள். "உசரம் கூடாதுக்கா. ஏறி விழுந்தா வயிறு கிழிஞ்சிடும்" என்பாள். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவாள். அடிமண் ஈரமாக இருக்கும், மேல்மண் காய்ந்திருக்கும். ஒளிய ஒரு கொட்டாங்கச்சி, குடிக்க ஒரு சோடா மூடி. அவ்வளவுதான். சில நாளில் அது கொட்டாங்கச்சிக்கு அடியில் புதிதாக வளை தோண்டியது. அன்று போர்டில் இருந்த எல்லோருக்கும் அவள் கடலை மிட்டாய் கொடுத்தாள்.

பேர் வைக்கவில்லை. 'நம்ம ஆளு' என்றுதான் சொல்வாள். மலேரியா ஆபீஸிலிருந்து வீடுகளுக்கு மருந்தடிக்க வந்தால், பெட்டி என் வீட்டுக்கு வந்துவிடும். என் கணவர் அந்த நாட்களில் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார். மருந்தடித்த வீட்டுக் கரப்பானை அவள் தன் ஆளுக்குப் போட்டதே இல்லை. வயல் வரப்பில் தத்தித் திரியும் பாச்சைப் பூச்சியைப் பிடித்து வருவாள். தின்னாமல் விட்டால் பாச்சையை உடனே எடுத்துவிடுவாள். கோடையில் பெட்டியின் மேல் நனைத்த சாக்கைப் போடுவாள். பெட்டி வெயில் படாத மூலையில்தான் இருக்கும்.

அந்த மூலை அவளுடையதல்ல, வாடகை வீட்டுடையது. ஒரு மத்தியானம் நான் அவளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் மண்ணெண்ணெய் டின், பின்னால் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். "என் மவ கால் வீங்கிக் கெடக்குது. கொல்லையில கடிச்சிருக்கு. உன் பூச்சிய வெளிய எடு, கொளுத்தணும்" என்றார்.

தனக்கோடி கை கழுவிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள். "மவள மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. இது எங்கயும் ஓடிடாது" என்றாள்.

"வழிய வுடு."

"வுட மாட்டேன். வேணும்னா அக்கா உள்ள வந்து பாக்கட்டும்" என்று வீட்டுக்காரரின் மனைவியைக் கைகாட்டினாள்.

அந்த அம்மாள் மட்டும் உள்ளே வந்தார். சிலந்தி மண்ணின் மேல் மல்லாந்து, அசையாமல் கிடந்தது. "செத்துக் கெடக்குதே" என்றார்.

"சாவலக்கா. தோல உரிக்குது. இப்ப அது பல்லு மெத்துனு வெள்ளையா இருக்கும். ஒரு பாச்சை கடிச்சாக்கூடத் தடுக்க அதால முடியாது. இதுவா எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிருக்கும்? பெட்டிய நவுத்துனாலே செத்துடும்" என்றாள் தனக்கோடி. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய தோலிலிருந்து ஒரு கால் மெல்ல உருவிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் வெளியே போய்க் கணவரிடமிருந்து டின்னை வாங்கிக் கீழே வைத்தார். நானும் நிலைப்படியில் நின்றிருந்தேன்.

பெண் பிழைத்துக்கொண்டாள். கடித்தது பூரான். விறகை அடுக்கும்போது அந்த அம்மாளே அதைக் கண்டுபிடித்து, வந்து சொல்லிவிட்டும் போனார். ஆனாலும் இரண்டு நாளில் வீட்டுக்காரர் மறுபடி வந்தார். "பூரான்தான், ஒத்துக்கறேன். இருந்தாலும் நீ காலி பண்ணிடும்மா" என்றார். காரணம் எங்களுக்குத் தெரியும். கீழப்பழுவூர்ப் பக்கம் பண்ணை வேலை பார்த்த குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் தனக்கோடி. அவள் எந்தத் தெருப் பெண் என்று அந்த வாரம் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"பூச்சிக்காகன்னா அது கடிக்கலன்னு ஆயிடுச்சு. வேற எதுக்காகன்னா அத வாயத் தொறந்து சொல்லுங்க. தெருவுல நாலு பேரு கேக்க சொல்லுங்க, போயிடறேன்" என்றாள்.

அவர் நேராகப் போய்க் கிணற்றடிக்குப் பூட்டுப் போட்டார். தனக்கோடி எக்ஸ்சேஞ்சிலிருந்து தண்ணீர் சுமந்தாள். நானும் ஒரு குடம் சுமந்தேன். கொஞ்ச நாளில், வீட்டுக்காரரின் மனைவியே கிணற்றடிக் கதவைத் திறந்துவிட்டுக் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் பூட்டவில்லை. பெரம்பலூருக்கு மாற்றல் வரும்வரை தனக்கோடி அந்த வீட்டில்தான் இருந்தாள்.

மாற்றலாகிப் போகும்போது, பெட்டியைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். மண் குலுங்கக் கூடாதென்று டிரைவருக்குப் பக்கத்தில் முன் சீட்டு. "பொட்டியில என்னம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். துண்டை விலக்கிக் காட்டினாள். அவர் பின்பக்கம் போய் நின்றார். பெரம்பலூர் வரை அவளுடைய சீட்டுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "தாராளமா வந்தேங்க்கா" என்று போனில் சிரித்தாள்.

அங்கே இன்னும் சில வருடங்கள் அது உயிரோடு இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் ட்ரங்க் கால் போட்டு, "நம்ம ஆளு போயிடுச்சு. வயசாயிடுச்சுக்கா, நோவு ஒண்ணும் இல்ல" என்றாள். அதன் பிறகு வேறொன்றை அவள் பிடித்து வளர்க்கவில்லை. "நான் ஒண்ணும் வளக்கணும்னு அலையல. அன்னிக்கு அது வூடு போச்சு, அதான்" என்றாள்.

இத்தனை வருடப் பழக்கத்தில் நான் அந்தச் சிலந்தியை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. இதற்காக ஒரு நாள் அவளிடம் வெட்கப்பட்டேன். "பயப்படுங்கக்கா, அதுல தப்பில்ல. அடிக்காதீங்க, அவ்வளவுதான்" என்றாள். தனக்கோடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அடிப்பதில்லை. என் கண்ணெதிரே யாரையும் அடிக்க விடுவதுமில்லை.