குழாயடியில் ஒரு பொதுச் செருப்பு

போன வருஷம் மழைக்காலத்தில், வியாசர்பாடியில் நாங்கள் குடியிருக்கும் ஹவுசிங் போர்டு பிளாக்கில் நடந்தது இது. எங்கள் வீடு கீழ்த்தளம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சுவரோடு இறங்கி வரும் இரும்புக் குழாய் எங்கள் வாசலுக்குப் பக்கத்தில்தான் முடிகிறது. பாதி பிளாக்கும் அங்கேதான் தண்ணீர் பிடிக்கும்.

அந்த மழையில் குழாயைத் தொட்டால் கையில் சுருக்கென்று இழுக்க ஆரம்பித்தது, அதுவும் காலையில் மட்டும். சுவர் ஊறிப் போயிருக்கிறது, வெயில் அடித்தால் சரியாகிவிடும் என்று பெரிய இன்ஜினீயர்கள் மாதிரி நாங்களே பேசி முடித்துக்கொண்டோம். யாரோ ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து குழாயடியில் போட்டார்கள். அதை மாட்டிக்கொண்டு பிடித்தால் ஒன்றும் செய்யவில்லை. அவ்வளவுதான், அது எல்லோருக்கும் பொதுச் செருப்பாகிவிட்டது.

அந்தச் சமயம் என் நாத்தனார் மணலியிலிருந்து வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று என் கணவர் கேலி செய்வார். ஆனால் என் பிரசவத்தின்போது முகம் சுளிக்காமல் என் துணியைத் துவைத்துப் போட்டவள் அவள்தான். செருப்பு விஷயத்தை வந்த அன்றைக்கே சொல்லியிருந்தேன். இது நடந்த அன்று காலை பார்த்து அதில் ஒன்றின் வார் அறுந்திருந்தது. அவள் அதை உதறிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறந்திருக்கிறாள்.

வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த நான் குடம் உருளும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவள் கத்தவில்லை. கை குழாயோடு ஒட்டிக்கொள்ள, உடம்பு உதற, கண் மட்டும் என்னையே பார்த்தது. ஓடிப்போய் அவள் தோளைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத. தொட்டா நீயும் காலி."

பக்கத்து வீட்டு அக்கா என் புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர் அவர். கையிலிருந்த காலி பிளாஸ்டிக் குடத்தால் நாத்தனாரின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி. கை விடுபட்டு அவள் சரிந்தாள். அக்கா அவள் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டு, "உசுரு கீது, ஆட்டோவ கூப்புடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொள்வாள் என்று சொன்ன பிறகு, மாற்றுத் துணி எடுக்க சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். குழாயடியில் அதே செருப்பு. அறுந்த வாரில் யாரோ ஊக்கு குத்தித் திரும்ப வைத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டால், "இன்னாக்கா பண்றது, பயகிப்போச்சு" என்றாள்.

உடனே கணவருக்குப் போன் போட்டு எலக்ட்ரீஷியனை அழைத்துவரச் சொன்னேன். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போய், மூன்றாவது மாடியில் பிடித்தோம். சொந்தக்காரர் கொடுத்த பழைய வாட்டர் ஹீட்டரை மழைக்கு முன்னால் அங்கே மாட்டியிருக்கிறார்கள். காலைக் குளியலுக்கு அதைப் போடும்போதெல்லாம் உள்ளே கரண்ட் கசிகிறது. அந்தக் கால வயரிங்கில், கசிவதை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இல்லாததால், ஹீட்டரின் எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தார்கள். வீட்டுக்காரர் மறைக்கவே இல்லை. "பைப்பு மண்ணுக்குள்ளதானே போவுது?" என்றார்.

போகவில்லையே. அது தரைக்கு மேலேயே எங்கள் வாசலில் முடிந்துவிடுகிறது.

"கொயாய புடிச்சிகினு நிக்கிறவங்கதான் இத்தினி நாளா எர்த்து" என்றார் எலக்ட்ரீஷியன்.

 வீட்டுக்காரர் பேயறைந்தவர் போல அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கதவோரம் நின்ற அவர் மனைவி, தங்கள் குளியலறையிலும் இழுக்கும் என்றும், தானும் பிள்ளைகளும் செருப்பு போட்டுக்கொண்டுதான் குளிப்போம் என்றும் மெதுவாகச் சொன்னாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கவேண்டும் என்று மாடியேறிய நான், முதலில் ஹீட்டரைக் கழற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஹீட்டரை அன்றே கழற்றினார்கள். பிறகு பிளாக்குக்குப் பின்னால் குழி வெட்டி முறையாக எர்த் போட்டு வீட்டுக்கு வீடு வயர் இழுத்தோம். கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப்பரும் வைத்தோம். நாத்தனார் இப்போது வந்தாலும் குழாயடிப் பக்கம் போவதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் தண்ணீர் பிடிக்கிறேன், அதிலும் குறை சொல்கிறாள். நன்றாகச் சொல்லட்டும்.

எங்கேயாவது யாராவது "பழகிவிட்டது" என்று சாதாரணமாகச் சொன்னால் போதும், கத்தக்கூட முடியாமல் என்னையே பார்த்த அவள் கண்கள்தான் இன்றைக்கும் என் முன்னால் வந்து நிற்கின்றன.