அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி

"நத்தார் ஒளிவிழாவிலை பாலன் யேசு பிறக்காமல், தேப்பன் பொய் சொல்லுற நாடகமோ? உன்னாலை இதெல்லாம் ஏலுமோ பிள்ளை?"

எங்கள் தேவாலயப் பங்கின் பாட்டுக்குழு அன்ரி அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்து, பல்கலைக்கழகத்துக்கும் போன முதல் ஆள் நான். "ஏலும் அன்ரி. இருந்து பாருங்கோ" என்றேன். பயம் பிறகுதான் வந்தது.

நாங்கள் குடியேறிய இத்தாலியின் பலெர்மோவில், பல்கலைக்கழக நாடக வகுப்பில், ஒரு பழைய அமெரிக்கக் குடும்ப நாடகத்தின் மேடைப் பதிவையும் அதன் திரைப்படத்தையும் காட்டினார்கள். வீட்டாரிடம் உண்மையை மறைக்கும் ஒரு தகப்பனின் கதை. மேடையில் பொய் சொல்லும்போது அவர் முதுகைத் திருப்பி நின்றார். படத்தில் கமரா அவர் முகத்துக்கு வெகு கிட்டப் போனது. இமை துடிப்பதுகூடத் தெரிந்தது.

அந்த நாடகத்தை எங்கள் ஆட்களின் வீடாக மாற்றி, ஒளிவிழாவுக்கெனத் தமிழில் எழுதினேன். தகப்பனின் பொய்யைத் தேடி நான் அலையவில்லை. அது எங்கள் சமையலறையிலேயே இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா யாழ்ப்பாணத்திலிருக்கும் பெரியப்பாவுடன் வீடியோவில் கதைப்பார். அதற்கு முன் அம்மா, அப்பாவின் கோடு போட்ட வேலைச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவிடுவார். பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கும் அப்பா, அந்தப் பத்து நிமிடமும் கந்தோரில் மேசை வேலை பார்க்கும் ஆள். சட்டை ஒளிப்பது வரை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

ஒத்திகையில் வீடியோ எடுக்கும் அண்ணா வந்து, "தங்கச்சி, நான் லைவ் போடுறன். ஊரிலை பெரியப்பா ஆக்களும் பாக்கலாமெல்லோ!" என்றார்.

எழுதும்போது இதை நான் நினைக்கவே இல்லை. மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு அப்பாவின் வேலை தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு அதே வேலை, அதே பொய். ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. அடுத்த மூன்று நாள் ஒத்திகையிலும் தகப்பனாக நடித்தவர் "ஓம் அண்ணை, கந்தோரிலைதான்" என்று சொல்லும்போதெல்லாம் நிறுத்தி, வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம், அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவர் நிமிரவில்லை.

"நான் கந்தோர் எண்டு சொல்லுறேல்லை. கொம்பனி எண்டெல்லோ சொல்லுறனான்."

அம்மா சிரித்துவிட்டார். "மாத்து பிள்ளை. இல்லாட்டி இது உன்ரை அப்பாதான் எண்டு ஒருத்தரும் நம்பாயினம்."

அப்பா சிரிக்கவில்லை. "ஊரிலை அண்ணை பாப்பாரோ?"

"லைவ் போட்டால் பாப்பார் அப்பா."

"அதை அவருக்கு நான் சொல்லவேணும். நீயில்லை."

உரித்து முடித்த வெங்காயத்தையே அவர் திரும்பவும் உரித்தார். அப்பா பயந்து நான் அதுவரை கண்டதில்லை. அன்ரி சொன்னபோது வராத சந்தேகம் அப்போது வந்தது. ஏலுமோ இல்லையோ என்பதல்ல, எனக்கு இதற்கு உரிமை உண்டா என்று.

காட்சியை நான் வெட்டவில்லை. மண்டபத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்கவேண்டும். ஆனால் அப்பாவின் முகத்துக்கு அவ்வளவு கிட்டக் கமராவைக் கொண்டுபோக என்னால் முடியாது. லைவ் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று வீடியோ அண்ணாவுக்கு எழுதினேன். "உனக்கென்ன விசரோ தங்கச்சி?" என்று பதில் வந்தது. அதற்குள் நான் பங்குக் குருவான சுவாமியிடம் போய், ஒருவரும் படம் பிடிக்காதபடி மண்டபக் கதவடியில் எல்லாருடைய ஃபோனையும் வாங்கி வைக்க அனுமதி எடுத்துவிட்டேன்.