கீபோர்டு சுவிட்சுக்கு மாத்திரை டப்பா

கம்ப்யூட்டர் கீபோர்டில் எழுத்துப் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்சுகளைக் கழற்றிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. நான் கழற்றிப் போட்டிருந்த சுவிட்ச் ஒன்றைக் காலையில் மனைவி மிதித்துவிட்டாள். "சாயங்காலத்துக்குள்ள எடுத்து வைக்கலைன்னா எல்லாம் குப்பைக்குத்தான்" என்றாள்.

மாரெட்பள்ளி பிளாஸ்டிக் கடைக்குப் போய், கிழமைக்கொரு அறை உள்ள மாத்திரை டப்பா ஆறு கேட்டேன்.

கடைக்காரர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்ல யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லங்க. கீபோர்டு சுவிட்ச் போட்டு வைக்க."

அவர் சிரிக்கவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து அதே மாதிரி டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். ஏழு அறையிலும் பேனா நிப்புகள்.

"வீட்லயும் நாலு இருக்கு. இருக்கறது ஒரு கை, எதுக்கு இத்தனை நிப்புன்னு யாரும் கேக்கறதில்ல. மாத்திரைன்னு நெனச்சுத் தொறக்கறதே இல்ல."

என் சுவிட்சுகள் இப்போது ஞாயிறு முதல் சனி வரை நிம்மதியாக இருக்கின்றன.

உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.