மம்சாபுரத்துக்கு ஒரு சுரங்க ரயில்

கல்கத்தாவில் பூமிக்கு அடியில் ரயில் விட்ட சமயம். பேப்பரில் வந்த அந்தப் படத்தை என் அண்ணன் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கும் அப்படி ஒன்று கேட்டு மனுப் போடுவோம் என்றான். நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். தினமும் பஸ் கூட்டத்தில் நசுங்கிப் போகிறவளுக்கு ஆகாயத்தில் ரயில் என்றாலும் ஆசை வரத்தான் செய்யும். நம்பினேன்.

கையெழுத்து வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் மனு என்றால், வெள்ளைத்தாளில் மேலே பாதி இடம் விட்டு முதலில் கையெழுத்தை வாங்கிவிடுவோம். விஷயத்தைப் பிறகு விவரம் தெரிந்தவர் யாராவது இங்கிலீஷில் டைப் அடிப்பார். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் தாளை நீட்டினேன்.

"தேரு போற வீதிக்கு அடியில பள்ளம் தோண்டுனா, தேரு உள்ள எறங்கிராதா?" என்றாள் ஒருத்தி. அண்ணனைக் கேட்டு வந்து, ரயில் ரதவீதியைச் சுற்றிக்கொண்டு போகும் என்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

மம்சாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஊருக்கும் வருமாட்டி?" என்றாள். மெயின் ரோடு வரை நடந்து வந்துதான் அவள் பஸ் பிடிப்பாள்.

"மொதல்ல ராஜபாளையம். பொறவு மம்சாபுரத்துக்கு ஒரு கிளை. அப்படியே தேவதானம் வரைக்கும் நீட்டுவாகக்கா" என்று அளந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் கைநாட்டு வைத்துவந்தவள், ஒரு வாரம் என்னிடம் பழகி, தன் பெயரை முதன்முதலாக அந்தத் தாளில்தான் எழுதினாள்.

ஏழெட்டு மாதம் கழித்து, மாலை போட்ட புதுத் தனியார் பஸ் ஒன்று எங்கள் ஸ்டாப்பில் நின்றது. தோளில் தோல்பையோடு இறங்கிய கண்டக்டர் என் அண்ணன்.

"ஏட்டி, ரயிலு எந்தக் காலத்துல வரப்போவுது? தாளு வீணாப் போகுதேன்னு இந்த பஸ் மொதலாளிட்ட குடுத்தேன். இந்தத் தடத்துக்குப் பஸ்ஸு வேணும்னு மேல டைப் அடிச்சுப் பெர்மிட்டு வாங்கிட்டாக. ஏறு, உனக்கு டிக்கெட் வேண்டாம்."

கூசாமல் சொன்னான். கூடப் பிறந்தவனே என் கழுத்தை அறுத்துவிட்டு, ஓசியில் ஏறு என்கிறான். நான் ஏறவில்லை.

மில்லில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "அண்ணனுக்கு வேல வாங்கத்தான் தாளைத் தூக்கிட்டு அலைஞ்சியா?" என்றார்கள். எனக்குத் தெரியாது என்று அழுதேன். நம்ப ஆளில்லை. புது பஸ் மெயின் ரோட்டோடு போய்விட்டது. மம்சாபுரத்து அக்கா எப்போதும் போல நடந்து வந்தாள்.

அந்தத் தீபாவளிக்கு மில்லில் சேலை கொடுத்தார்கள். வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். கையெழுத்துக்கு நீட்டிய பேனாவைத் தள்ளிவிட்டு, மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தினாள்.

"ஏன்க்கா, பேரு எழுதத்தான் தெரியுமே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதத்தாம்ட்டி சொல்லிக்குடுத்த. மேல என்ன எழுதுதாகன்னு வாசிக்கச் சொல்லிக்குடுக்கலையே."